வேகாத பருப்பும் வெள்ளை ஜவ்வரிசியும்

மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் பழக்கமான புகார் ஒன்று உண்டு. "ஏனுங்க, போன வாரம் வாங்கிட்டுப் போன தொவரம் பருப்பு வேகவே மாட்டேங்குதுங்க. அஞ்சு விசில் வெச்சும் கல்லாட்டம் கிடக்குது." ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பல வருடங்களாக நம் கடைக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவர் இப்படிச் சொன்னபோது, வழக்கம் போல மண்டிக்காரரைத்தான் மனதுக்குள் திட்டினேன். பழைய இருப்பைப் புதுச் சரக்கோடு கலந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அதே மூட்டைப் பருப்பு டவுன் வாடிக்கையாளர்கள் வீட்டில் குழைந்து வெந்திருக்கிறது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

பெரியவரிடம் அவருடைய கிணற்றுத் தண்ணீரில் ஒரு கேன் கொண்டுவரச் சொன்னேன். நம் வீட்டில் இரண்டு பாத்திரம் வைத்து, ஒன்றில் அந்தத் தண்ணீர், மற்றொன்றில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் ஊற்றி, ஒரே அளவு பருப்பைப் போட்டோம். காவிரித் தண்ணீரில் பருப்பு மலர்ந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் அரை மணி கழித்தும் விரலுக்கிடையில் நசுங்கவில்லை. பழைய பருப்பும் வேகாது என்பது உண்மைதான். எனினும் இங்கே குற்றவாளி பருப்பு அல்ல, தண்ணீர்.

காரணம் மிக எளிது. பருப்பின் செல்களைப் பசை போல ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் அவை பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. இதைத்தான் கடின நீர் என்கிறோம். குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 500க்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லையென்றால் 2,000 வரை. சோப்பு நுரைக்காதது, டீ நிறம் மாறுவது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவது எல்லாம் இதன் அடையாளங்களே. (சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பருப்பு வெந்துவிடும் என்று சொல்லி நாமே ஒரு பொட்டலம் விற்றுவிடுகிறோம். சோடா சேர்த்தால் பருப்பிலுள்ள பி-1 வைட்டமின் அழிந்துபோகும் என்பதையும் சொல்லிக் கொடுப்பது நல்லது.)

நம் பகுதி பாறைப் பூமி. நிலத்தடி நீர் இயற்கையிலேயே சற்றுக் கடினம்தான். ஆனால் பெரியவரின் தகப்பனார் காலத்தில் அதே கிணற்றுத் தண்ணீரில்தான் பருப்பு வெந்தது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அவர் கிழக்கே கையைக் காட்டுகிறார். அங்கே ஏரி இருக்கிறது. ஏரிக்கு மேலே சேகோ பாக்டரிகள்.

இனி, நம் கடையில் மூட்டையாக அடுக்கியிருக்கும் ஜவ்வரிசியின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த சரக்கு. போரில் வரத்து நின்றது. அப்போது சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, 1943 வாக்கில் நம்மூர் குச்சிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இத்தொழிலைத் தொடங்கிவைத்ததே ஒரு வியாபாரிதான் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. சாம்பிள் வைத்து மறைமுக டெண்டரில் விற்கும் முறையும் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி தொடங்கி, 1997இல் தனி மாவட்டமான நாமக்கல்லின் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் வரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தக் கிழங்கை நம்பி வாழ்கின்றன. ஆகவே தொழிலைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல.

ஆனால் இத்தொழில் தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும். கிழங்கைக் கழுவ, அரைக்க, சல்லடையில் பால் எடுக்க, தொட்டியில் மாவைத் தெளியவிட என்று ஒரு டன் சரக்குக்குப் பல ஆயிரம் லிட்டர் செலவாகிறது. சக்கையாக நிற்கும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. தெளிந்த மாவுக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் பிரச்சினை. அதில் தெளியாத மாவும், சர்க்கரையும், கிழங்கிலுள்ள சயனைடும் கரைந்திருக்கும். குச்சிக் கிழங்கில் லினமரின் என்று ஒரு பொருள் உண்டு. கிழங்கு அரைபடும்போது அதிலிருந்து சயனைடு பிரிந்து நீரோடு போய்விடுகிறது. தின்பவனுக்கு அது நல்லது; ஏரி மீனுக்கு அல்ல.

கழிவு நீரில் விஷமே இல்லாவிட்டாலும் மாவு ஒன்றே போதும், ஏரியைக் கெடுக்க. மாவைத் தின்னப் பாக்டீரியாக்கள் பெருகும். அவை மூச்சுவிடத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இந்தத் தேவையை அளக்கும் கணக்குக்கு பி.ஓ.டி. என்று பெயர். நாம் கணக்குப் பிள்ளைகள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். சுத்திகரிக்காத சேகோ கழிவின் பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் இருக்கும். லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கழிவு 500 லிட்டர் நல்ல தண்ணீரின் மூச்சைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் விட அரசு அனுமதிக்கும் அளவு 30 மட்டுமே. அதற்கு மேல் போனால் மீன் செத்து மிதக்கும். பிறகு காற்றில்லாத அழுகல் தொடங்கும். பஸ் ஜன்னலைச் சாத்த வைக்கும் அந்தப் புளித்த நாற்றம் அங்கிருந்து வருவதுதான்.

பருப்பு இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. அழுகும் நீர் புளிப்பாகிறது. கரியமில வாயுவும் அதில் ஏராளமாகக் கரைகிறது. அந்த நீர் ஏரித் தரை வழியாக ஊறி இறங்கும்போது மண்ணிலுள்ள சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. ஆக்சிஜன் இல்லாத நீர் மண்ணிலுள்ள இரும்பையும் கரைத்துவிடும். இறைத்து வைத்த சற்று நேரத்தில் தண்ணீர் துருவேறிச் சிவப்பது அதனால்தான்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது, அதுவும் லாபமான மருந்து. கழிவு நீரைக் காற்றுப் புகாத கலனில் அடைத்தால் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவைத் தின்று மீத்தேன் எரிவாயு தருகின்றன. அதை ஆலையிலேயே அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்தலாம். நம் பகுதியில் பல ஆலைகள் இதை அமைத்து, விறகுச் செலவையும் டீசல் செலவையும் குறைத்திருக்கின்றன. அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கலன் கட்டிய இடத்திலும் சில சமயம் கழிவு தெளிவதில்லை. இதன் காரணத்தை விசாரித்துக்கொண்டே போனால் அது நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இரண்டு தட்டில் ஜவ்வரிசி சாம்பிள் வைத்தால் நம் கை எந்தத் தட்டுக்குப் போகும்? வெள்ளை வெளேரென்று இருப்பதற்குத்தான். சற்று மங்கலான சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு குறை என்று விலை பேசுகிறோம். வடக்கே மகாராஷ்டிரம், குஜராத்துக்கு விரத நாட்களின் சாபுதானாவாக அனுப்பும் மொத்த வியாபாரிகளும் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள். ஜவ்வரிசியின் இயற்கை நிறம் பால் வெள்ளையே அல்ல, லேசான மங்கல். தோலையும் உள்தோலையும் சுத்தமாக உரித்து, பிடுங்கிய கிழங்கை மறுநாளைக்கு வைக்காமல் அரைத்து, நல்ல தண்ணீரில் அலசித் தெளியவிட்டால் ஓரளவு வெண்மை தானாக வரும். அதற்கு ஆள் கூலியும் நேரமும் ஆகும். குறுக்கு வழி, மாவுத் தொட்டியில் பிளீச்சிங் திரவமோ, கந்தக அமிலமோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ கலப்பது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனைக்கு வந்து சரக்கைப் பிடிக்கும் செய்திகளைப் பத்திரிகையில் பார்க்கிறோம்.

அந்த மருந்து ஜவ்வரிசியோடு நிற்பதில்லை. தொட்டித் தண்ணீரோடு எரிவாயுக் கலனுக்குப் போகிறது. மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மிகவும் மென்மையானவை. புளிப்பு ஏறினால் வேலையை நிறுத்திவிடும். குளோரின் பட்டால் செத்துவிடும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கலன் வெறும் தொட்டியாகிவிடுகிறது. கழிவு முன்போலவே ஓடைக்கு வருகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரும்பு கலந்த கிணற்று நீரில் மாவை அலசினால் மாவு மங்கும். மங்கிய மாவை வெளுக்க மருந்து கூடும். மருந்து கூடினால் கழிவு கெடும். கழிவு கெட்டால் கிணற்றில் இரும்பு ஏறும். செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடம். இந்தச் செக்கை ஓட்டும் சாட்டை, வெள்ளைக்குக் கூடுதல் விலை கொடுக்கும் நம் கையில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சேகோ மட்டுமா தண்ணீரைக் கெடுக்கிறது என்று ஆலை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு, நகரச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டுதான் ஆட்டையாம்பட்டி வழியாக நாமக்கல் மாவட்டத்துக்குள் வருகிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் அமிலக் கழிவும் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகள் காவிரிக் கரையிலேயே இருக்கின்றன. சாயத்தில் நிறத்தைவிட உப்பே பெரிய தொல்லை. நூலில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறார்கள். நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுக்க சவ்வு வடிகட்டியும், பிறகு காய்ச்சி ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். சேகோ கழிவு அழுகி என்றாவது தீரும். உப்பு தீராது.

முற்றிய நிலை எப்படியிருக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே நொய்யல் ஆறு இருக்கிறது. சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாகிவிட்டது. அணைத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொன்னார்கள். வேலூர்ப் பக்கத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், கெடுத்தவரே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை மூடினால் கூலி நிற்கும். கூலி நின்றால் அந்தத் தெருவின் மளிகைக் கடையில் பாக்கி நிற்கும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் பேரேட்டிலும் இது தெரியத் தொடங்கிவிட்டது. தண்ணீர் கெட்ட ஊர்களில் வெள்ளாமை குறைகிறது. மாட்டுக்கும் தண்ணீர் விலைக்கு வாங்குகிறார்கள். அறுவடைக்குக் கணக்குத் தீர்ப்பவர்கள் பாதியைக் கொடுத்து மீதியை அடுத்த போகத்துக்குத் தள்ளுகிறார்கள். தண்ணீர்க் கேன் வியாபாரம் நமக்குக் கூடியிருப்பது உண்மை. அந்தப் பணம் வாடிக்கையாளர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வைத்திருந்த பணம்.

கொள்முதலில் என்ன செய்யலாம் என்று சில அன்பர்கள் கேட்டதால் தெரிந்ததைச் சொல்கிறேன். கண்ணால் பார்த்து மருந்து கலந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. ஜவ்வரிசியைச் சுட்டால் பொரிந்து சாம்பல் மிகக் கொஞ்சமாக நிற்கும். அதிகம் நின்றால் மணலோ மாக்கல் பொடியோ இருக்கிறது என்று அர்த்தம். (சட்டப்படி சாம்பல் 0.4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.) வெளுக்கும் மருந்தை இது காட்டாது, அதற்கு ஆய்வுக் கூடம்தான். ஆகவே பில்லோடு உத்தரவாதம் வாங்குங்கள். 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆலையோ மண்டியோ நமக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தே சரக்கு விற்க வேண்டும். சாம்பிள் எடுக்கப்பட்டால் அந்தக் காகிதம் நமக்குத் துணை நிற்கும். மங்கல் சரக்குக்கு விலை குறைக்கும் பழக்கத்தை நாலு பேர் சேர்ந்து விட்டாலே டெண்டரில் அது தெரியும். நான் இரண்டு வகையும் தட்டில் வைத்து, எது ஏன் மங்கல் என்று சொல்லி விற்கிறேன். பாயசத்தில் போட்டால் இரண்டும் ஒன்றுதான். பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் மங்கலை எடுத்துப் போகிறார்கள். மற்றவர்கள் இன்னும் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணீர்க் கேன் கொண்டுவந்த பெரியவருக்கு இப்போது பருப்பின் மேல் புகாரில்லை. மாதச் சாமான் வாங்க வரும்போது, சமையலுக்கென்று இரண்டு தண்ணீர்க் கேனையும் சேர்த்து நோட்டில் எழுதச் சொல்கிறார்.