ஒரே மெட்டு: அங்கே ரத்தம், இங்கே பரிசு

டைட்டன் வாட்ச் விளம்பரத்தின் மெட்டைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பரிசுப் பெட்டி, பிரியமானவங்க முகம், லேசாகக் கலங்கிய கண்கள். ஓசூரில் தொழிற்சாலை வைத்த கம்பெனிக்கு அந்த மெட்டு ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. 1773-ல், தன் 17-வது வயதில், மொசார்ட் எழுதிய 25-வது சிம்பொனியின் முதல் பகுதி அது.

அதே பகுதியை 1984-ல் வந்த 'அமேடியஸ்' படத்தின் தொடக்கத்தில் கேட்கலாம். கழுத்தை அறுத்துக்கொண்ட கிழவர் சாலியேரியை, கொட்டும் பனியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னணியில் இதே இசை. கேட்கும்போது வயிறு கலங்கும். ஒரே இசை எப்படி இரண்டு வேலை செய்யுது?

முதல் காரணம் இசைக்குள்ளேயே இருக்கு. 1930-களில் அமெரிக்காவில் கேட் ஹெவ்னர் என்ற உளவியலாளர், ஒரே இசைத்துண்டை மேஜர் ஸ்கேலிலும் மைனரிலும், வேகமாகவும் மெதுவாகவும் வாசிக்கச் சொல்லி, கேட்டவர்களின் உணர்ச்சியைப் பதிவு செய்தார். மனநிலையை அதிகம் மாற்றியவை வேகமும் ஸ்கேலும்தான். மொசார்ட்டின் இந்த சிம்பொனி மைனர் ஸ்கேல். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட கீரவாணி. தொடக்கத்தில் வயலின்கள் படபடக்கும் அதே சுரங்களை, சற்று நேரத்தில் ஒற்றை ஓபோ நிதானமாகப் பாடும். படபடப்பு போய் ஏக்கம் வந்துவிடும். விளம்பரக்காரர்களுக்கு வேண்டியது இந்த ஏக்கம்தான்.

இரண்டாவது காரணம், படம். இசை 'ஏதோ முக்கியமா நடக்கப்போகுது' என்று மட்டும் சொல்லும். அது ரத்தமா, பரிசா என்பதைத் திரைதான் சொல்லணும். வருஷக்கணக்கா பரிசோடு சேர்த்தே கேட்டுட்டா, அப்புறம் படம் இல்லாமலே மெட்டு பரிசை நினைவூட்டும்.

சரி, இதனால் பொருள் விற்குமா? 1982-ல் ஜெரால்ட் கோர்ன் ஒரு சோதனை செய்தார். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பேனாவின் படத்தைக் காட்டி, பின்னணியில் இசை போட்டார். பிடித்த இசை என்றால் 79 சதவீதம் பேர் அதே நிறப் பேனாவை எடுத்தார்கள். பிடிக்காத இசை என்றால் 30 சதவீதம். அந்த 'பிடிக்காத இசை' எது தெரியுமா? இந்திய சாஸ்திரிய இசை! ஒரு மார்கழிக் கச்சேரி ரசிகரை அங்கே உட்கார வைத்திருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கலாம். இசையின் உணர்ச்சியில் பாதி நம்ம காதின் பழக்கம்தான்.

ஆனால் 1989-ல் கெல்லாரிஸும் காக்ஸும் இதே மாதிரி சோதனைகளைச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆக, இசை மனநிலையை மாற்றும் என்பது உறுதி; அது மட்டுமே கையைப் பர்ஸுக்குக் கொண்டுபோகும் என்பது உறுதியில்லை.

அடுத்த விளம்பர இடைவேளையில் டிவியை மியூட் பண்ணிப் பாருங்க. வாட்ச் வெறும் வாட்ச்சா தெரியும். அப்பவும் பிடிச்சிருந்தா வாங்கலாம்.