மலையை விட்டுக் கடலுக்கு! மேல்மலையனூரிலிருந்து ஒரு தம்பதியின் இரண்டு நாள் பயணம்

மேல்மலையனூருக்கும் கடலுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. மோட்டார் சைக்கிளில் போனால் அரைப் பொழுதுப் பயணம்தான்.

ஆனாலும் கடலைப் பார்க்காமலே தலை நரைத்துப்போன பெண்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. கல்யாணம் ஆன நாள் முதல் வேலை, வேலை, வேலைதான். களை எடுக்க வேண்டும். மல்லாட்டை பிடுங்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வேண்டும்.

"அடுத்த வருஷம் கடலுக்குப் போகலாம்" என்று கணவர் சொல்லுவார். அடுத்த வருஷம் பெண்ணுக்குக் கல்யாணம் வரும். அதற்கு அடுத்த வருஷம் கிணற்றில் தண்ணீர் இருக்காது. இப்படியே 25 வருஷம் ஓடிவிடும்!

அப்படிப்பட்ட ஒரு கணவனும் மனைவியும் ஒருநாள் துணிந்து கிளம்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பெயர் வேண்டாம். அவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்! வாருங்கள், அவர்கள் வண்டிக்குப் பின்னால் நாமும் போவோம்.

அங்காளம்மன் வாசலில்

பொழுது விடியவில்லை. அங்காளம்மன் கோயில் வாசலில் இருவரும் சூடம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

சிவபெருமான் கையில் பிரமனின் மண்டை ஓடு ஒட்டிக்கொண்டது. அது விடவே இல்லை. ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் மேல்மலையனூரில்தான் அம்மன் அருளால் அது கையை விட்டது என்பது தல வரலாறு. அலைந்து வந்தவருக்கு அலைச்சல் தீர்ந்த ஊர் இது. ஊர் சுற்றப் போகிறவர்களும் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்!

அமாவாசையன்று மட்டும் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. அன்று இரவு ஊஞ்சல் உற்சவம். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வந்து குவியும். வண்டி நகராது.

இருவரும் தலைக்கவசம் போட்டுக்கொண்டார்கள். கட்டுச்சோற்று மூட்டை முன்னால் தொங்குகிறது. வண்டி செஞ்சியை நோக்கி ஓடுகிறது.

மூன்று மலை, ஒரு கோட்டை

செஞ்சிக் கோட்டை ஒரு மலைமேல் இல்லை. மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று அந்த மலைகளுக்குப் பெயர். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வெயில் ஏறும் முன்பே மலை ஏறிவிட வேண்டும். கையில் தண்ணீர் இருக்க வேண்டும்.

நாயக்கர்கள் இந்தக் கோட்டையைப் பெருக்கினார்கள். பின்பு அது பீஜப்பூர் சுல்தான் கைக்குப் போயிற்று. 1677-ல் சிவாஜி அதைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது மொகலாயப் படை முற்றுகை போட்டது. 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. எட்டு வருஷம் ஒரு மலையைச் சுற்றிப் படை உட்கார்ந்திருந்தது!

பிறகு வந்தவர்தான் தேசிங்கு ராஜா. ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714-ல் போரிட்டு மாண்டார். அப்போது அவர் இளைஞர். அவருடைய இளம் மனைவி தீயில் இறங்கி உயிர்விட்டாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்லுவார்கள்.

1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். பிற்காலத்தில் கோட்டை தூங்கிப்போயிற்று.

2025-ம் ஆண்டு ஜூலையில் உலகம் மறுபடியும் செஞ்சியைத் திரும்பிப் பார்த்தது. மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி!

கோட்டையின் கீழ்ப்பகுதியில் ஒரு வாசலுக்குப் 'புதுச்சேரி வாசல்' என்று பெயர். அதற்குச் சமீபத்தில் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. பெரிய கோயில். ஆனால் அங்கே நின்ற அழகான கல்தூண்களில் பல இப்போது இல்லை.

"தூணெல்லாம் எங்கங்க போச்சு?" என்று கேட்கிறார் மனைவி.

அதற்குப் பதில் கடற்கரையில் கிடைக்கப்போகிறது!

பாணர்கள் நடந்த பாதை

செஞ்சியிலிருந்து திண்டிவனம் 28 கிலோமீட்டர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மரக்காணம்.

இந்தப் பாதை இன்று நேற்றுப் போட்டது அல்ல. திண்டிவனத்தில் கிடங்கில் என்று ஒரு பகுதி உண்டு. சங்க காலத்தில் அதுதான் நல்லியக்கோடன் என்ற அரசனின் ஊர். அவனிடம் பரிசு பெறப் போகும் ஏழைப் பாணர்களுக்கு வழி சொல்லும் நூல் சிறுபாணாற்றுப்படை. கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்தில் தொடங்கி, ஊர் ஊராகச் சொல்லிக் கிடங்கிலில் கொண்டுவந்து விடுகிறது அந்த நூல். எயிற்பட்டினம் என்பது மரக்காணம் பக்கம்தான் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள்.

எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் அதில் இருக்கிறது! கடற்கரையில் சுட்ட மீன். காட்டுப் பக்கத்து ஊரில் புளிச்சோறு. வயல் பக்கத்து ஊரில் நண்டும் சோறும். அடுப்பு மூட்ட அரிசி இல்லாத பாணனுக்கு இந்த வரிகள் எப்படி இனித்திருக்கும்!

அந்தப் பாணன் கடலை விட்டு உள்நாட்டுக்கு வந்தான். நம்முடைய தம்பதி உள்நாட்டை விட்டுக் கடலுக்குப் போகிறார்கள். வழி ஒன்றுதான். மூட்டையில் இருப்பதும் புளிச்சோறுதான்!

வெயிலில் விளையும் உப்பு

மரக்காணத்தை நெருங்கும்போது காற்று மாறுகிறது. பனைமரங்கள் தெரிகின்றன. அப்புறம் திடீரென்று நிலம் வெள்ளையாகிவிடுகிறது.

உப்பளம்! ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது.

உப்பங்கழித் தண்ணீரைப் பாத்தியில் விடுகிறார்கள். வெயில் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மீதித் தண்ணீர் கெட்டிப்படுகிறது. அதை அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். கடைசிப் பாத்தியில் தரையோடு உப்பு படிகிறது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அதை இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். பிறகு கூடையில் வாரித் தலையில் சுமந்து கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டுகிறார்கள்.

சுமப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். கீழே உப்பு. மேலே வெயில். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் உப்பு ஏறி எரியும்.

மழை வந்தால் உப்பு கரைந்துவிடும். வேலையும் நின்றுவிடும். மழைக்காலம் முடியும்வரை கூலி கிடையாது.

"நாம மழை வராதான்னு பார்க்கிறோம். இவங்க மழை வந்துடுமோன்னு பயப்படறாங்க" என்கிறார் மனைவி. சமையல் செய்யும் கை அல்லவா? ஒரு பிடி உப்பின் விலை அந்தக் கைக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

பக்கத்திலேயே கழுவெளி ஏரி பரந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து இறங்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாக 2024-ல் இது சேர்க்கப்பட்டது.

இதோ, கடல்!

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. சவுக்குத் தோப்பு. தென்னந்தோப்பு. ஓரிடத்தில் தோப்புக்கு நடுவே மீனவர் கிராமத்துக்குப் போகும் மண்பாதை.

வண்டி நிற்கிறது. இருவரும் நடக்கிறார்கள். மணல் மேட்டில் ஏறியதும் எதிரே கடல்!

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெயிலில் தண்ணீர் தகதகவென்று மின்னுகிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரை தெரியவில்லை.

"ஏங்க, இவ்ளோ தண்ணி கெடக்குது. ஒரு காணிக்குக்கூடப் பாயாதே!"

கிணறு வற்றிப்போன வருஷங்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ! கணவர் சிரிக்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அலை காலைத் தொடும் இடம்வரை அழைத்துப் போகிறார்.

அதற்குமேல் போகவில்லை. அதுதான் புத்திசாலித்தனம். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களே தப்ப முடியாமல் போனது உண்டு. காலை நனைத்துக்கொண்டால் போதும்.

தொலைந்த தூண்கள் இதோ!

மாலையில் புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் வண்டிகளை விடுவதில்லை. ஜனங்கள் நிம்மதியாக நடக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இங்கே மணல் இருந்தது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டியபிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டது. கரையைக் கடல் அரித்தது. மணலுக்குப் பதில் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்கு அடியில் தடுப்பு ஒன்றை 2018-ல் அமைத்தார்கள். ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. கரை ஓர் இடத்தில் கெட்டால் இன்னோர் இடத்தில் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி.

சாலையின் நடுவே காந்தி சிலை. அதைச் சுற்றி உயரமான கல்தூண்கள். ஒவ்வொன்றிலும் நுணுக்கமான சிற்ப வேலை.

"இந்த வேலைப்பாட்டை எங்கியோ பார்த்த மாதிரி இருக்குதே!"

பார்த்ததுதான்! காலையில் செஞ்சியில் பார்த்த அதே வேலைப்பாடு. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்தபிறகு அங்கிருந்து கொண்டுவந்த தூண்கள் இவை என்று சொல்லுகிறார்கள். அரசர்கள் போனார்கள். கவர்னர்கள் போனார்கள். 1954-ல் பிரெஞ்சு ஆட்சியும் போயிற்று. செஞ்சித் தூண்கள் மட்டும் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன.

குண்டு விழுந்த இடம் வரை விற்பனை!

மறுநாள் காலை கடலூர். புதுச்சேரியிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறது.

செஞ்சிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இந்த ஊரில் இருக்கிறது.

1690-ம் ஆண்டு. செஞ்சியில் இருந்த ராஜாராமுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் மராட்டியருக்கு ஒரு கோட்டை இருந்தது. சென்னையில் இருந்த ஆங்கிலக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைக்கு கவர்னர் எலிகு யேல் என்பவர். அமெரிக்காவில் உள்ள புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு விசித்திரமான கணக்குப் போட்டார்கள். பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு!

அப்படியே சுட்டார்கள். குண்டு எட்டிய தூரத்துக்கு உட்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். இன்று சிதைவுகள்தான் மிச்சம்.

இதைக் கேட்ட கணவர் வெகுநேரம் யோசிக்கிறார்.

"அந்த ஊர்க்காரங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கேட்கவில்லை. காலையில் ஏர் ஓட்டப் போனவன் மாலையில் வேறொருவன் ஆட்சியில் வீடு திரும்பினான். கையெழுத்துப் போட்டது மலைமேல். கைமாறியது கடலோரம். செஞ்சி மலைக்கும் இந்தக் கடற்கரைக்கும் உள்ள உறவு தூண்களோடு முடியவில்லை. நிலத்தை உழுது பிழைக்கும் மனிதருக்கு அது சட்டென்று புரிந்துவிடுகிறது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தத் தேவனாம்பட்டினத்தையும் அடித்துப் போட்டது. ஆனாலும் காலையில் படகுகள் கடலுக்குப் போகின்றன. மீன் வருகிறது. பெண்கள் கூடையோடு ஏலத்துக்கு நிற்கிறார்கள்.

வீடு திரும்பும் நேரம்

விழுப்புரம் வழியாகச் செஞ்சி. அங்கிருந்து மேல்மலையனூர். இரவு விளக்கு வைத்தபின் இருவரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பெட்ரோல், ஒரு ராத்திரி தங்கும் அறை, இரண்டு நாள் சாப்பாடு. அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் பஸ்ஸிலும் போகலாம். குடிதண்ணீர், தலைக்கு ஒரு துண்டு, வழியில் சாப்பிடக் கட்டுச்சோறு. இவை இருந்தால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரி திண்ணையில் காத்திருக்கிறாள். "கடலு எப்படி இருந்தது அக்கா?"

அந்த அம்மாள் முந்தானையில் முடிந்து வந்த மரக்காணத்து உப்பில் ஒரு பிடி எடுத்து அவள் கையில் வைக்கிறார்.

"அடுத்த வருஷம்னு சொல்லாத. அறுப்பு முடிஞ்சதும் உன் வீட்டுக்காரரோட கிளம்பிடு!"