சதுரத்தைச் சாய்ச்சா டைமண்டா?

திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லைங்க. அதுல ஒரு பனியன் துணியைச் சதுரமா வெட்டி, ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற எங்கக்கா பொண்ணுகிட்ட காட்டினேன். "சதுரம்"னா. சாய்ச்சு வெச்சேன். "இப்ப டைமண்ட்!"

இது மக்குத்தனம் இல்லை. நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதி 1957-லேயே சொன்னதுதான்: குழந்தைகள் முதலில் வடிவத்தின் மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கிறார்கள், பக்கமும் மூலையும் பிறகுதான். புத்தகத்தில் சதுரம் பெரும்பாலும் நேராகவே நிற்கிறது. சாய்ந்தால் அவர்களுக்கு அது வேறு வடிவம்.

அதனால துணியை அவ கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பி மூலைகளை எண்ணினா. நாலு மாறவே இல்லை. எதிரெதிர் மூலையைப் பிடிச்சு இழுத்தா. பனியன் துணியாச்சே, நீண்டு ரெண்டு மூலை கூராச்சு. "மாமா, இப்பதான் டைமண்ட்!"

அந்த "இப்பதான்" கரும்பலகைப் படத்துல கிடைக்காதுங்க.