பண்டிகைக்கு ஒரு சாக்லேட் பொட்டலம்: செய்யும் முறையும் நோயாளிக்குத் தரும் முறையும்

பண்டிகை நாளில் அடுத்த வீட்டிலிருந்து வரும் பலகாரத் தட்டை வெறுமனே திருப்பித் தருவது நம் ஊரில் வழக்கமில்லை. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் போகும். ரம்ஜானுக்குப் பிரியாணியும் சேமியாப் பாயசமும் வரும். கிறிஸ்துமஸுக்குக் கல்கல்லும் அச்சு முறுக்கும் வரும். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பகுதிகளில் இந்தத் தட்டுகள் மதம் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளாக அதில் வீட்டில் செய்த சாக்லேட்டும் இடம் பெற்றுவிட்டது. பார்வையாளர் நேரத்தில் எங்கள் வார்டுகளுக்கும் அது வந்து சேருகிறது.

பண்டிகை நெருங்கும்போது உணவியல் பிரிவில் எங்களிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. சாக்லேட்டை வீட்டில் எளிதாகச் செய்ய முடியுமா என்பது ஒன்று. அதை நோயாளிக்குத் தரலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை சொல்வது எளிது. ஆயினும் இரண்டாவதை மனத்தில் வைத்துக்கொண்டே அதற்கும் விடை சொல்ல விரும்புகிறோம்.

வீட்டில் செய்த சாக்லேட் என்றாலே ஊட்டி நினைவுக்கு வரும். அங்கு அது நன்றாக அமைவதற்குக் குளிரும் ஒரு காரணம். உண்மையான சாக்லேட்டில் உள்ள கொழுப்பு கோகோ வெண்ணெய் ஆகும். அது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைந்த அளவு இது. வாயில் இட்டவுடன் கரைவது இதனால்தான். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அது பெட்டியிலேயே கரைந்து நிற்பதற்கும் இதுவே காரணம். மேலும், கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டை உருக்கி மீண்டும் பளபளப்பாக உறைய வைக்க வேண்டுமானால், 45 டிகிரி வரை சூடாக்கி, 27 அல்லது 28 டிகிரிக்கு ஆற்றி, மறுபடியும் 31 டிகிரி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெப்பமானி இல்லாத அடுக்களையில் இது நடவாத காரியம்.

ஆகவே பெரும்பாலான வீடுகளில் பயன்படுவது கடைகளில் ‘காம்பவுண்ட்’ என்ற பெயரில் பாளமாக விற்கப்படும் சாக்லேட். இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். உருக்கி ஊற்றினால் போதும், தானாகவே உறையும். சுவையில் ஒரு படி குறைவுதான். கொழுப்பின் தரத்திலும் அப்படியே. எனினும் முதல் முயற்சிக்கு இதையே பரிந்துரைக்கிறோம். உறையில் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலைப் படித்து, காலாவதி நாளையும் பார்த்து வாங்குங்கள். உதிரியாக, உறையின்றி நிறுத்துத் தரும் பாளத்தைத் தவிர்ப்பது நல்லது.

400 கிராம் கருஞ்சாக்லேட் பாளமும் 200 கிராம் வேர்க்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் முந்திரியையும் பாதாமையும் தேடி அலைய வேண்டியதில்லை. வேர்க்கடலையில் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பட்டவை ஆகியவற்றை இரக்கமின்றிப் பொறுக்கி எறியுங்கள். பூசணம் பட்ட கடலையில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நச்சு இருக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுதும் அழியாது. நல்ல கடலையைச் சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கி, முற்றிலும் ஆறவிடுங்கள்.

அகன்ற பாத்திரத்தில் கால் பங்கு நீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை உலர்ந்த கிண்ணத்தில் இட்டு, கிண்ணத்தின் அடி நீரைத் தொடாதபடி மேலே வையுங்கள். ஆவியின் சூடே போதும். உருகியதும் கிண்ணத்தை இறக்கி, அடியை உலர்ந்த துணியால் துடைத்து, எஞ்சிய பங்கைச் சேர்த்துக் கிளறுங்கள். அந்தச் சூட்டிலேயே அதுவும் உருகிவிடும். கலவையின் வெப்பமும் தணியும்.

இதில் பலரும் தவறுவது நீர் விஷயத்தில்தான். ஈரக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும், சாக்லேட்டில் உள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு திரண்டு, கலவை களிபோல இறுகிவிடும். அப்படி இறுகியதை மிட்டாயாக ஊற்ற இயலாது. வருந்த வேண்டாம், சூடான பாலில் கரைத்தால் பிள்ளைகளுக்கு அன்று மாலைப் பானம் ஆயிற்று.

கடலையைக் கலந்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் சிறு கரண்டியால் துளித்துளியாக வையுங்கள். ஒவ்வொன்றும் 10 கிராம் அளவில் இருந்தால் 60 துண்டுகள் கிடைக்கும். பொட்டலத்துக்கு ஆறு வீதம் பத்து வீடுகளுக்கு ஆகும். நிழலான இடத்தில் அரை மணி நேரத்தில் உறைந்துவிடும். வெயில் மிகுந்த நாளாயின் குளிர்பதனப் பெட்டியில் 15 நிமிடம் வைத்தெடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். குளிர்ந்த துண்டின்மேல் வெளிக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். பின்பு அது காயும்போது வெண்பூச்சு ஒன்று தோன்றும். கொழுப்பு மேலெழுந்தும் அவ்வாறு வெளுப்பதுண்டு. இதைப் பூசணம் என்றெண்ணி எறிபவர்கள் உள்ளனர். அது பூசணமன்று, உண்ணத் தகுந்ததே.

பால், கோவா, தேங்காய் எதையும் சேர்க்காவிட்டால், காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வரை இருக்கும். அவற்றைச் சேர்த்தால் சில நாட்களில் கெடும். வார்டுக்குக் கொண்டுவரும் எண்ணமிருந்தால் சேர்க்கவே வேண்டாம்.

தாளில் சுற்றுவது நம் ஊர்ப் பெண்களுக்கு எளிது. பீடி சுற்றிப் பழகிய விரல்களுக்கு இது விளையாட்டு. ஆனால் அதனாலேயே ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. பீடி சுற்றும் அறையில் புகையிலைத் தூள் தரையிலும் பாயிலும் படிந்திருக்கும். சாக்லேட் வேலையை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு துடைத்த பின்பே தொடங்குங்கள். பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் வீட்டில் இருந்தால், தாளை மடிக்கும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் விரல்களுக்கு ஏற்றதா என்பதை இயன்முறை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். படுத்த நாள் முதல் பிறரிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்தவர், அன்று பத்து வீட்டுக்குக் கொடுப்பவராகிறார்.

இனி இரண்டாவது கேள்வி. “அவருக்குச் சர்க்கரை, அவருக்கு வேண்டாம்” என்று நோயாளியின் தலைக்கு மேலேயே பேசித் தட்டை நகர்த்துவதை வார்டில் அடிக்கடி காண்கிறோம். தட்டு போன பின் அந்த அம்மாளின் முகத்தையும் காண்கிறோம். இது தேவையற்ற கடுமை என்பது எங்கள் கருத்து. மேலே சொன்ன 10 கிராம் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 55 கலோரியும், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான சர்க்கரையும் இருக்கும். இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ள ஒருவர், மருத்துவர் தடை சொல்லாத நிலையில், உணவுக்குப் பின் ஒரு துண்டு உண்ணலாம். வெறும் வயிற்றிலோ, தொலைக்காட்சி பார்த்தபடி ஆறேழு துண்டுகளோ உண்பதுதான் கூடாது.

கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ சேர்த்துச் செய்தால் தீங்கில்லை என்று பலர் நம்புகின்றனர். இரத்தத்தில் சேர்ந்த பின் அவையும் சர்க்கரையே. பேரீச்சம்பழமும் அப்படித்தான். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கப்படும் சாக்லேட்டுகளிலும் கொழுப்பும் கலோரியும் உண்டு. அவற்றில் சிலவற்றில் உள்ள மால்டிடால் போன்ற இனிப்பூட்டிகள் அளவு மீறினால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களில் பலர், சர்க்கரை தாழ்ந்தால் உதவும் என்று சட்டைப்பையில் சாக்லேட் வைத்திருக்கின்றனர். அவ்வேளைக்குச் சாக்லேட் ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றி, அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது நீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை உண்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் விரைந்து பயன் தராது. அவர்கள் குளுக்கோஸ் தூளையே கையில் வைத்திருக்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் இந்த மிட்டாயைத் தவிர்ப்பதே நன்று. கோகோ, வேர்க்கடலை இரண்டிலும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுதி. வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் பழுதுற்ற நிலையில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகக் கல் உள்ளோரும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். புற்றுநோய்க்கான மருந்தேற்றிக்கொண்டு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்போருக்கு, எங்கு, எப்போது செய்யப்பட்டது என்று தெரியாத எதையும் கொடுக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம் ஒரு துண்டும் நீட்டாதீர்கள். பாட்டி பசியோடிருக்கிறாரே என்று பேரப்பிள்ளை அன்போடு வாயில் இட்ட ஒரு மிட்டாயால் அன்றைய அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க நேரும். மயக்க மருந்து கொடுத்த நிலையில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் திட உணவு உண்டு ஆறு மணி நேரமாவது, கொழுப்பு மிகுந்தது என்றால் எட்டு மணி நேரமாவது கழிய வேண்டும் என்கிறோம். அப்படி யாரேனும் உண்டுவிட்டால், திட்டுக்கு அஞ்சி மறைக்காமல் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டோம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அனுப்புவதானால் கடலையை நன்கு பொடித்துச் சேருங்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குச் சாக்லேட்டே வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை; ஆனால் உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஆதலால் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் ஒரு சிறு தாள் ஒட்டுங்கள். செய்த நாள், சர்க்கரை உண்டு, வேர்க்கடலை உண்டு, ஒரு துண்டு 10 கிராம்: இவ்வளவு எழுதினால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். வார்டுக்குக் கொண்டுவரும் பொட்டலத்தை நோயாளியின் கையில் தருவதற்கு முன் செவிலியரிடம் காட்டுங்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டு அவர் உடனே விடை சொல்வார். பகல் வெயிலில் பேருந்தில் வருவதானால், பொட்டலத்தை எவர்சில்வர் டப்பாவில் இட்டு, ஈரத்துணியைச் சுற்றி, சன்னலோரம் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.