உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பது மூன்று: பெயர், ராசி, நட்சத்திரம். ‘கார்த்திகை’ என்றோ ‘ரோகிணி’ என்றோ உடனே சொல்லிவிடுகிறோம். வானொலியில் வேலை செய்யும் எனக்குத் தினமும் காலையில் ராசிபலன் காதில் விழும். 27 நட்சத்திரங்களின் பெயரையும் வரிசை மாறாமல் சொல்லும் நேயர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கார்த்திகை வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

விடியுமுன் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்த வானம் தெரிந்திருந்தது. டவுனுக்குக் குடிவந்த நமக்குத் தெருவிளக்குதான் தெரிகிறது. இழந்ததை மீட்கப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நல்ல பைனாகுலர் போதும். எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

எண் சொல்லும் கதை

ஒவ்வொரு பைனாகுலரிலும் 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்புற லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் எல்லாரும் முதல் எண் பெரிதாக இருப்பதைத்தான் தேடுகிறார்கள். பாசார் மாலாமில் ‘100 மடங்கு’ என்று எழுதிய பெட்டிகூட விற்பனைக்கு வருகிறது. அதை நம்பாதீர்கள்.

மடங்கு கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். படம் துள்ளும், எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. 1610-இல் தாம் கண்டதை நூலாக வெளியிட்ட கலிலியோவின் தொலைநோக்கி ஏறக்குறைய 20 மடங்கு காட்டியது. ஆனால், அதன் வழியாக முழு நிலவைக்கூட ஒரே பார்வையில் அவரால் பார்க்க முடியவில்லை.

7 அல்லது 8 மடங்கு காட்டும் பைனாகுலர் அப்படியில்லை. பல 8×42 பைனாகுலர்களில் 8 பாகை அளவுக்கு வானம் தெரியும். முழு நிலவின் அகலம் அரைப் பாகைதான். அப்படியானால் 16 நிலவுகளை வரிசையாக வைக்கலாம். பெட்டியில் பாகை போடாமல் ‘1,000 மீட்டரில் 140 மீட்டர்’ என்று எழுதியிருந்தாலும் அதே 8 பாகைதான். 17.5-ஆல் வகுத்தால் பாகை வந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இருட்டில் இளைஞர்களின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். 10×25 என்ற சட்டைப்பை பைனாகுலரில் வருவது 2.5 மில்லிமீட்டர்தான். பகலில் பரவாயில்லை, இரவில் மங்கலாக இருக்கும். ஆகவே, இரவு வானத்துக்கு 7×35, 8×42, 7×50 ஆகியவை ஏற்றவை. 2 மடங்கு மட்டுமே காட்டும் சிறிய வகையும் இருக்கிறது. ஒரு நட்சத்திரக் கூட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காண விரும்புவோர் அதை வாங்குகிறார்கள்.

கடையிலேயே சோதியுங்கள்

பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான பக்கம் திருப்பி, கண் வைக்கும் பகுதியைப் பாருங்கள். ஒளிப்பொட்டு முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளிருக்கும் முப்பட்டகம் மட்டமானது. எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தாலோ, சிறிது நேரத்தில் கண் வலித்தாலோ வைத்துவிடுங்கள். செக்கச் சிவந்த பூச்சுள்ள லென்ஸும், மடங்கை மாற்றும் ‘ஸூம்’ வகையும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை

இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும்படி வையுங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்குழலில் இருக்கும் வளையத்தைத் திருப்புங்கள். அந்த வளையத்தின் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், உங்கள் கண்ணுக்கு இனி நடுச்சக்கரம் மட்டும் போதும்.

பார்க்க வேண்டிய இடத்தை முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். பார்வையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். முழங்கைகளை மார்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பார்ப்பது இன்னும் நல்லது. இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும், கைப்பேசியைப் பையில் வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் பைனாகுலரைத் திருப்பவே கூடாது, பார்வையே போய்விடும். பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் மறக்க வேண்டாம். குளிர்ந்த காரிலிருந்து இறங்கிய உடனே லென்ஸில் ஆவி படியும். துடைக்காமல் சிறிது நேரம் காத்திருங்கள். வீட்டில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இல்லையென்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

ஜோகூர் வானத்தில் என்ன பார்க்கலாம்?

ஜோகூர் பாருவில் நின்று தெற்கே பார்த்தால் சிங்கப்பூர் வெளிச்சம்தான் தெரியும். மெர்சிங், டெசாரு போன்ற கிழக்குக் கரை ஊர்களுக்குப் போய், விடுதி விளக்குகளை விட்டு விலகி நில்லுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டும் நமக்குக் கிடைக்கும்.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், மழை ஓய்ந்த இரவுகளில் எட்டரை மணிக்கு மேற்குப் பக்கம் உயரத்தில் கார்த்திகை இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளிகள், அதனால்தான் அறுமீன். பைனாகுலரில் பல பத்து நீலவெள்ளை நட்சத்திரங்கள். அதற்குச் சற்று மேலே ஆங்கில ‘வி’ எழுத்துபோல் ஒரு கூட்டம். அதில் செந்நிறமாக ஒளிர்வதுதான் ரோகிணி. சங்கப் புலவர்கள் இதைச் சகடம், அதாவது வண்டி என்றார்கள். திங்கள் ரோகிணியோடு சேரும் நாளில் திருமணம் நடப்பதை அகநானூறு சொல்கிறது. இந்தக் கூட்டம் 5 பாகைக்கு மேல் விரிந்தது. மடங்கு கூடிய கருவியில் துண்டு துண்டாகத்தான் தெரியும். 8 பாகைப் பார்வையில் வண்டி முழுதாக நிற்கும். உச்சிக்கு அருகே திருவாதிரையும், சிறு முக்கோணமாக மிருகசீரிடமும் இருக்கும்.

மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே தென்சிலுவை நிற்கும். மலாய்க்காரர்களுக்கு அது ‘பாரி’, திருக்கை மீன். 6 பாகை நீளமுள்ள அதுவும் ஒரே பார்வையில் அடங்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் விருச்சிகத்தின் முறை. நடுவில் சிவந்த கேட்டை, வால்நுனியில் மூலம். மூலத்துக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரக் கொத்துகள் சேர்ந்தே கண்ணில் படும்.

இவற்றுக்கெல்லாம் அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுங்கள். திருக்கார்த்திகை அன்று முழு நிலவு கார்த்திகைக்கு அருகிலேயே நிற்பதால் அறுமீன் மங்கிவிடும்.

மேகம் மூடினாலும் காசு வீணில்லை. அதே 8×42 மறுநாள் காலை தஞ்சோங் பியாய் சதுப்புக்காட்டில் பறவை பார்க்க உதவும். பறக்கும் பறவையைத் தவறவிடாமல் தொடரவும் அகன்ற பார்வைதான் வேண்டும்.

நாட்காட்டியில் அடுத்த அமாவாசையைக் குறித்து வையுங்கள். வீட்டில் யார் யாருக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளம்புங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், முன்சீட்டில் அவரை உட்கார வையுங்கள். வானத்தைக் காட்டினால் அவரிடமிருந்து கதைகள் தானாக வரும்.