குழியில் வளரும் பாசியும் குளத்தில் மிதக்கும் பாசியும்



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் கணக்கெல்லாம் பேசி முடித்து, டீ வந்த நேரம். ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்தார். "நெல்லுக்கு உரம்னு சொல்லி, கடன் வாங்கிக் குழி வெட்டி நீலப்பச்சைப் பாசி வளர்க்கச் சொன்னீங்க. எங்க ஊர்க் குளத்துல அது சும்மாவே மிதக்குது. அள்ளி வயல்ல போட்டா ஆகாதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் குழு போட்ட இரண்டு குழியில் ஒன்றில் பாசியே வரவில்லை. இன்னொன்றில் பச்சை நூல் நூலாக ஏதோ வந்து, காய்ந்ததும் ஒன்றுமில்லாமல் போனது. பின்னால் இருந்த ஓர் அம்மா, "அந்தக் குளத்துல ஆட்டுக்குத் தண்ணி காட்டலாமா, வேணாமா? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

இரண்டும் நல்ல கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பாசி என்று நாம் சொன்னாலும் உண்மையில் இது ஒரு பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அதன் பெயர். ஆனால் செடியைப் போலவே வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். இந்த வம்சத்தில் பல வகை உண்டு. நாம் குழியில் வளர்க்கும் நாஸ்டாக், அனபீனா, டோலிபோத்ரிக்ஸ் போன்றவை காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பவை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணிமாலை மாதிரி இருக்கும். அனபீனா, நாஸ்டாக் மாலையில் இடையிடையே தடித்த தோல் உள்ள மணி ஒன்று இருக்கும். அதற்குள்தான் அந்த வேலை நடக்கிறது. நெல் வயலில் உரம் போடாமலே தழைச்சத்து சேர்வதற்கு இந்தப் பாசிதான் காரணம் என்று பி.கே. டே என்ற நம் நாட்டு விஞ்ஞானி 1939-லேயே எழுதினார். நிலைமை நன்றாக இருந்தால் ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து கிடைக்கும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் அரை மூட்டை யூரியா. (அசோலா வளர்க்கிற சகோதரிகள் கவனிக்க: அசோலா இலைக்குள் குடியிருப்பதும் அனபீனாதான்.)

"நிலைமை நன்றாக இருந்தால்" என்று சொன்னோமே, சங்கதி அதில்தான் இருக்கிறது.

மறுநாள் அந்தக் குழுவின் குழிகளைப் போய்ப் பார்த்தோம். 6 அடி நீளம், 3 அடி அகலம், தார்பாலின் விரிப்பு, 10 கிலோ வயல் மண், 150 கிராம் சூப்பர் பாஸ்பேட், கொஞ்சம் சுண்ணாம்பு, 250 கிராம் தாய்ப்பாசி, எல்லாம் சொன்னபடியே போட்டிருந்தார்கள். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டோம். முதல் குழிக்கு, பக்கத்து வயலில் இருந்து வடிந்த வாய்க்கால் தண்ணீர். அந்த வயலில் மூன்று நாள் முன்புதான் களைக்கொல்லி போட்டிருக்கிறார்கள். பல களைக்கொல்லிகள், செடி வெயிலில் சாப்பாடு செய்கிற வேலையை நிறுத்தித்தான் களையைக் கொல்கின்றன. பாசியும் அதே வேலையைச் செய்து பிழைப்பதுதானே? களைக்கு வைத்த விஷம் பாசிக்கும் விஷம். சாயப்பட்டறை, தோல் பதனிடும் இடங்களின் கழிவு கலந்த தண்ணீரும் ஆகாது. அதில் வரும் செம்பு, குரோமியம் போன்றவை பாசியைக் கருக்கிவிடும்.

இரண்டாவது குழிக்கு நல்ல போர்வெல் தண்ணீர்தான். ஆனால், "சீக்கிரம் வளரட்டும்னு ஒரு பிடி யூரியா போட்டேங்க" என்று ஓர் உறுப்பினர் மெல்லச் சொன்னார். பாவம், ஆசைப்பட்டுச் செய்தது! யூரியா கையில் கிடைத்துவிட்டால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை நம் பாசி நிறுத்திவிடும். ஓசிச் சோறு கிடைக்கும்போது அடுப்பு மூட்டுவானேன்? அதோடு, யூரியாவைத் தின்று வேகமாக வளரும் சாதாரணப் பச்சைப்பாசி குழியைப் பிடித்துக்கொள்ளும். அந்த நூல் நூலாக வந்தது அதுதான். நம் பாசி கேட்பது யூரியாவை அல்ல, மணிச்சத்தை. அதற்குத்தான் சூப்பர் பாஸ்பேட். புளிப்பு மண் அதற்குப் பிடிக்காது. அதற்குத்தான் சுண்ணாம்பு. பயிற்சியில் எதை எவ்வளவு போடுவது என்று சொன்னோமே தவிர, ஏன் என்று விளக்காமல் விட்டது எங்கள் தவறு.

திரும்பப் போடுகிறவர்கள் மரத்தடியில் குழி வெட்டாதீர்கள், வெயில் வேண்டும். கொசுப்புழுவும் நத்தையும் பாசியை மேய்ந்துவிடும், தினம் ஒரு முறை பாருங்கள். 10, 15 நாளில் பாசி மேலே திரண்டு வந்ததும் தண்ணீர் விடுவதை நிறுத்திக் காயவிட்டால், ஒரு குழிக்கு 5 முதல் 7 கிலோ எடுக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ போதும், நாற்று நட்ட பத்தாம் நாள் தூவ வேண்டும்.

இனி குளத்துக்கு வருவோம். அங்கே பச்சைப் பெயிண்டைக் கொட்டினாற்போல் மிதப்பது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை. அதே வம்சம், ஆனால் தழைச்சத்து பிடிக்கத் தெரியாது. அதனால் அள்ளி வயலில் போடுவதில் லாபம் இல்லை. அதன் உடம்பில் சின்னச் சின்னக் காற்றறைகள் உண்டு. அவை மேலே தூக்கிவிட, ஆடையாகப் படர்ந்து வெயிலை முழுக்க வாங்கிக்கொள்ளும். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில் இது பெருகாது. கோடையில் தேங்கிச் சூடேறிய தண்ணீரும் மணிச்சத்தும் சேர்ந்தால் போதும். சாக்கடை, சோப்புத் தண்ணீர், மாட்டுச்சாணம், வயலில் இருந்து கழுவி வரும் உரம், எல்லாவற்றிலும் மணிச்சத்து இருக்கிறது. குழியில் நாம் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதைக் குளத்தில் ஊரே கூடைக் கணக்கில் கொட்டுகிறது.

இந்த வகைகளில் பல, ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்குகின்றன. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட ஏரித் தண்ணீரைக் குடித்து ஆடு மாடுகள் செத்ததை 1878-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும்போது ஆடை ஒரு கரையில் ஒதுங்கும். ஆடு மாடு குடிப்பதும் கரையில்தான். அதனால் அந்த அம்மாவுக்கு எங்கள் பதில்: அந்தத் தண்ணீர் காட்ட வேண்டாம். துணியில் வடிகட்டினாலும் காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது.

மயில்துத்தம் போட்டுக் கொன்றுவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். பாசி சாகும். ஆனால் உள்ளே இருந்த விஷம் மொத்தமாகத் தண்ணீரில் இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-ல் குடிநீர் அணையில் பாசிக்கு மயில்துத்தம் போட்ட சில நாளில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோயில் விழுந்தார்கள்.

எது எந்தப் பாசி என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நீளக் குச்சியால் தூக்கிப் பாருங்கள். தலைமுடி மாதிரித் தொங்கினால் சாதாரணப் பச்சைப்பாசி. பெயிண்டில் முக்கியது போல ஒட்டினால் சந்தேகப்படுங்கள். கையால் தொட வேண்டாம், பிள்ளைகளைக் குளிக்க விட வேண்டாம்.

அந்த ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குளம் மீன் குத்தகைக்கு விட்டது. தண்ணீர் பச்சையாக இருந்தால்தான் மீன் வளரும் என்று குத்தகைக்காரர் மூட்டை மூட்டையாகக் கோழி எரு கொட்டுகிறார். பாசி மிஞ்சிப்போனால் விடியற்காலையில் தண்ணீரில் காற்று இல்லாமல் மீனும் செத்து மிதக்கும். அவருக்கும் நஷ்டம்தான். குத்தகை புதுப்பிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் கோழி எரு கொட்டக்கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டு மனு கொடுக்க அந்த ஊரின் ஐந்து குழுக்களும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. தெருச் சாக்கடை குளத்தில் விழுவதைப் பற்றியும் மனுவில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அந்த ஆட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். அந்தத் தெருவில்தான் நான்கு குழுக்களின் உறுப்பினர்கள் குடியிருக்கிறார்கள். அது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.