சுருக்குக்குப் பலம் எங்கிருந்து வருகிறது?

2020 மே 26 அன்று, மஸ்கெலியாவுக்கு அப்பால் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தின் மரக்கறிக் காணியொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டிக் கிடந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் அதை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். மே 29 அன்று அது இறந்தது. கறுப்பு நிறம் தனி இனத்துக்கு உரியது அல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஒடுங்கு மரபணு வந்து சேர்ந்தால்தான் சிறுத்தைக்கு அந்த நிறம் வாய்க்கும். அதனால் கருஞ்சிறுத்தையைக் காண்பதே அரிது.

அந்தக் கம்பி சிறுத்தைக்காக வைத்ததல்ல. தோட்டத் தொழிலாளரின் லயத்துக்குப் பின்னால் கோவாவும் லீக்ஸும் கிழங்கும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றிதான் பகை. ஒரே இரவில் பாத்தியையே கிளறிப் போட்டுவிடும். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று கிடைத்தால் போதும்; பன்றி வரும் தடத்தில் சுருக்கு தயார். இறைச்சிக்காக வைப்பவர்களும் உண்டு.

சுருக்குக்குத் தனக்கென்று பலம் எதுவும் கிடையாது. விசை, மின்சாரம், கூர்முனை என்று ஒன்றும் அதில் இல்லை. மாட்டிய விலங்கு இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். இழுப்பதை நிறுத்தினாலும் தளராது. எவ்வளவு பலசாலியோ அவ்வளவு ஆழமாகக் கம்பி இறங்கும்.

பன்றிக்கு விரித்ததில் சிறுத்தை அகப்படுவதற்குக் காரணம் அது நடக்கும் தடமும் அதன் உடலமைப்பும். தேயிலை மலைகளில் அது தங்குவது ஓடைக்கரைப் புதரிலும் மலை உச்சியில் மிஞ்சிய காட்டுத் துண்டிலும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, கேளையாடும் முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் நடக்கும் அதே தடத்தைத்தான் பிடிக்கிறது. பூனைக் குடும்பத்துக்குக் காறை எலும்பு பெயருக்குத்தான் உண்டு. தோள் எலும்புகளோடு அது மூட்டப்படவில்லை. தலை நுழைந்த இடைவெளியில் தோளும் நுழைந்துவிடும். லக்ஷபானவில் கம்பி கழுத்தில் இறுகியது. ஆனால் மலைநாட்டில் பல சிறுத்தைகளுக்குச் சுருக்கு தோளையும் தாண்டி விழுந்தது இடுப்பில். உள்ளுறுப்புகளைக் காக்க அங்கே விலா எலும்பு இல்லை.

கம்பியை வெட்டி எடுத்தவுடன் ஆபத்து நீங்கிவிடுவதும் இல்லை. மணிக்கணக்கில் திமிறிய தசைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் பழுதாகிறது. வெளியே சிறு காயத்தோடு மீட்ட விலங்கு சில நாட்களில் இறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலகின் இன்னொரு மூலையில் பொறி வைப்பது அரசு ஆதரிக்கும் தொழில். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் குளிர்காலத்தில் நீர்நாய், மார்ட்டின், லின்க்ஸ் ஆகியவற்றின் மயிர் நன்றாக அடர்ந்திருக்கும். பகல் குறுகுவதை உடல் உணர்ந்து, நீண்ட வெளிமயிருக்கு அடியில் காற்றைப் பிடித்துவைக்கும் மென்மயிரை வளர்த்துக்கொள்கிறது. பொறி வைப்பவர் தோலைக் கொண்டுவந்து கொடுத்ததும் பிரதேச அரசு முன்பணம் தருகிறது. ஏலத்தில் விலை கூடினால் மிச்சமும் அவருக்கே. பணம் தரும் அரசு பொறியையும் அளந்து பார்க்கிறது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் உடன்பட்ட விதிகளின்படி, கொல்லும் பொறி பெரும்பாலான விலங்குகளை 300 வினாடிக்குள் உணர்விழக்கச் செய்ய வேண்டும். மார்ட்டினுக்கு 120 வினாடி. அந்தத் தொழில் சரியா என்ற வழக்கு அங்கேயே தீரவில்லை. ஆனாலும் எந்தப் பொறி, எந்த விலங்கு, எந்தப் பருவம் என்ற கேள்விகள் அங்கே கேட்கப்படுகின்றன.

வேட்டைக்கு அரசு காசு கொடுப்பது இலங்கைக்கும் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு, கொன்ற யானை ஒன்றுக்குச் சில ஷில்லிங் வீதம் சன்மானம் கொடுத்தது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. பின்னால் 1937-இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று சிறுத்தையைக் கொல்வது குற்றம். அதன் தோலை நாடுகளுக்கிடையே விற்பதும் 1975 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையால் தடைப்பட்டிருக்கிறது.

சட்டம் சிறுத்தையின் பக்கம் நிற்கிறது. கிழங்குப் பாத்திக்குக் காவல் நிற்பது கம்பிதான். பொறி வைப்பவருக்குக் கனடா கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கையாவது, லயத்துக் காணிக்கு வேலி போடவும் பன்றி அழித்த பயிருக்கு ஈடு கொடுக்கவும் அரசும் தோட்டக் கம்பனிகளும் செலவிட வேண்டும். மாட்டிய சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடாமல், கூச்சல் போடாமல், உடனே வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அது திமிறாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிருக்கு நல்லது.